பதினோராவது தூளி

பெண்கள் அறை,
கிளைச் சிறை, நீலகிரி
14.7.1986

அக்கா,

உன் கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. கோபத்தில் பதில் போடவில்லை என்று நினைத்திருப்பாய். பாதி அதுதான். மீதிப் பாதி, பாப்பா ஒரு கையில் இருக்கும்போது மறு கையால் எழுத வரவில்லை. கீழே விடவும் பயம். ஏன் பயம் என்று பிறகு சொல்கிறேன்.

நீ கேட்ட முதல் கேள்வி, ஜீப்பை நான் கொளுத்தினேனா என்று. என் புருஷன் சுடலைமணி செத்ததற்கு நீ வரவில்லை. மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று தந்தி வந்தது. பிறகு வந்த முதல் கடிதத்தில் முதல் வரி இது.

நான் கொளுத்தவில்லை. ஜூன் ஆறாம் தேதி தேயிலை ஃபேக்டரிக்கு முதல் ஷிப்ட் போனவரை தேவாலா ரோட்டு வளைவில் யானை அடித்துப் போட்டது. உடலைச் சாலையில் வைத்து எல்லோரும் உட்கார்ந்தோம். சாயங்காலம் கூட்டத்தின் பின்பக்கம் ஃபாரஸ்ட் ரேஞ்சருடைய ஜீப் எரிந்தது. டிரைவருக்கு இரண்டு கையும் வெந்துபோனது. நான் அப்போது இவர் முகத்தில் ஈ உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் குற்றம் வேறு. மறுநாள் கலெக்டருக்கு மனு எழுதினேன். எஸ்டேட் லயத்து வீடுகளில் பி.ஏ. படித்தவள் நான் ஒருத்திதானே. 'கீழே கையெழுத்திட்டுள்ள நாங்கள் நாற்பத்தொரு பேரும் காலை முதல் மாலை வரை சாலையை விட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம்' என்று எழுதி, கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினேன். எங்கள் பலம் தெரியட்டும் என்று நினைத்தேன். போலீஸ் அந்தத் தாளையே வைத்துக்கொண்டு ஆளெடுத்தது. தேடுகிற வேலைகூட இல்லை அவர்களுக்கு. எழுதியவள் என்பதால் முதல் பெயர் என்னுடையது. மற்ற நாற்பது பேருக்கும் சொந்தக்காரர்கள் ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் அரசு உத்தியோகத்தில் இருக்கும் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அப்படி எனக்கு இருப்பது மாமா ஒருவர்தான்.

இனி பயத்துக்கு வருகிறேன். இந்த அறையில் ஏழு பேர். அதில் ஒருத்தி இசக்கியம்மா. பெயர் உனக்குத் தெரியும். ஐந்து வருடம் முன்பு பேப்பரில் வந்ததை நீதான் ரேஷன் கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாய். எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கப் போகிற அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில், தூங்க மருந்து கொடுத்து இரண்டு பிள்ளைகள் எழுந்திருக்காமலே போனார்களே, அங்கே ஆயாவாக இருந்த கிழவி. கேஸ் இன்னும் முடியவில்லை. ஜாமீனுக்கு யாரும் வரவில்லை. இவள் தட்டைக்கூட யாரும் தொட மாட்டார்கள். மூலையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, கண் எடுக்காமல் பாப்பாவையே பார்க்கிறாள். நான் சுவரில் முதுகைச் சாய்த்துப் பாப்பாவை மடியில் வைத்தபடியேதான் தூங்குகிறேன். அதைத் தூக்கம் என்று சொல்ல முடியுமானால்.

பாப்பாவை உன்னிடம் கொடுக்கச் சொல்கிறாய். கொடுக்க மாட்டேன். பிள்ளை தாயோடு இருக்கலாம் என்று சிறை விதியே இருக்கிறது. ஒன்றே முக்கால் வயதில் அப்பாவைப் பறிகொடுத்தது போதும். மாமாவைக் கையெழுத்துப் போடச் சொல். நான் வேறெதுவும் கேட்கவில்லை.

லீலாவதி


அருவங்காடு
22.7.86

லீலாவுக்கு,

மாமா கையெழுத்துப் போட முடியாது. அவர் வேலை செய்வது வெடிமருந்து ஃபேக்டரியில். தீ வைத்த கேஸில் ஜாமீன் கொடுத்தார் என்று தெரிந்தால் செக்யூரிட்டி ஆபீசில் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள். உன் பி.ஏ.வுக்கு இது தெரியாதா? மனு எழுதத் தெரிந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். அம்மா போனபின் உன்னை ஊட்டியில் காலேஜில் சேர்த்தது யார் என்று உனக்கு நினைவு இருக்கும். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நீ தேவாலாவில் ஒரு லயத்து வீட்டில் போய் விழுந்தாய். மாமா ஒரு வார்த்தைதான் சொன்னார். "ஏனுங்கம்மணி, உங்க தங்கச்சிக்கு நாம பார்த்தது புடிக்கலீன்னா சொல்லியிருக்கலாம்ல." அதற்குப் பிறகு இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நீ அவரைப் பற்றி ஏளனமாக எழுதாதே.

அந்தக் கிழவி இருக்கிற அறையிலா குழந்தையை வைத்திருக்கிறாய்? படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைக்கு அம்மா பேர்தான் வைத்திருக்கிறாய், பங்கஜம் என்று. எனக்கும் அவள்மேல் பாத்தியம் உண்டு. இங்கே இரண்டு ரூம் குவார்ட்டர்ஸ், பால்காரன் வாசலுக்கு வருகிறான், ஆஸ்பத்திரி பக்கத்தில். கொடுத்துவிடு. ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன். சிவப்பு.

தனபாக்கியம்


கிளைச் சிறை
19.8.1986

அக்கா,

மறுபடியும் தாமதம். மாதத்துக்கு இரண்டு இன்லண்டு தருகிறார்கள். ஒன்றை வக்கீல் பவுல்ராஜுக்கு எழுதினேன். மற்றதைப் பாப்பா கிழித்துவிட்டாள்.

ஸ்வெட்டர் கொஞ்சம் பெரிது. அடுத்த வருடத்துக்கும் ஆகும் என்று பார்த்துப் பின்னியிருக்கிறாய். அடுத்த வருடமும் இங்கேயே இருப்பேன் என்று நினைத்தாயோ என்னவோ.

நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். போன வாரம் பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். இரண்டு நாள் ஓயாத அழுகை. டாக்டர் வந்து மருந்து கொடுத்தார், காய்ச்சல் நின்றது, அழுகை நிற்கவில்லை. அறையில் எல்லோரும் என்னைத் திட்டத் தொடங்கினார்கள். வார்டர் ஜெஸிந்தா நல்ல மாதிரிதான், அவளே கம்பிக்கு வெளியே நின்று, "என்னம்மா பண்றே, பால் குடுத்தியா இல்லியா" என்று கத்தினாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அப்போது மூலையிலிருந்து அந்தக் கிழவியின் குரல். பாட்டு இல்லை. பெயர்கள்.

"ராக்கு. தெய்வான. சின்னமுத்து. மேரி. காத்தமுத்து. தங்கராசு."

காலையில் வேலைக்கு வந்தவர்களைப் பெரட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி, அதே சமயம் இழுத்து, மெதுவாக. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள். கிழவி எழுந்து வரவில்லை. இடத்தில் இருந்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். இருபத்தாறு பெயர். பதினாறாவதிலோ பதினேழாவதிலோ பாப்பா என் தோளில் தூங்கிவிட்டாள். கிழவி மிச்சப் பெயர்களையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயை மூடினாள்.

பிறகு கேட்டேன். காம்பராவில் இருபத்தாறு தூளி வரிசையாகக் கட்டியிருக்குமாம். தூளிக்கு ஒரு பிள்ளை. வரிசையில் நடந்துகொண்டே ஒவ்வொன்றையும் ஆட்டிவிட்டுப் பெயரைச் சொல்லிக்கொண்டு போவாளாம். கடைசித் தூளிக்கு வருவதற்குள் முதலாவது பிள்ளை தூங்கியிருக்குமாம்.

அப்போதும் நான் பாப்பாவின் வாயை மோந்து பார்த்தேன். கிழவி அதைப் பார்த்தாள். "மோந்து பாரு, நல்லாப் பாரு" என்றாள். "நானா இருந்தாலும் மோந்துதான் பாப்பேன்."

மாமாவைப் பற்றி இனி எழுத மாட்டேன். சரியா?

லீலா


அருவங்காடு
30.8.86

லீலா,

கை வைத்தாளா இல்லையா? குழந்தையைத் தொட்டாளா? அதை எழுதாமல் கதை எழுதியிருக்கிறாய்.

செத்த பிள்ளைகளின் பெயரையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு என் தங்கச்சி பிள்ளை தூங்குகிறது.

தன.


கிளைச் சிறை
2.10.1986

அக்கா,

தொட்டாள். நான்தான் கொடுத்தேன்.

முதலில் பாதத்தைத் தொட்டாள். பெயர் சொல்லும்போது கட்டை விரலால் பாப்பாவின் உள்ளங்காலை அழுத்தி வருடுகிறாள். ஒரு பெயருக்கு ஒரு வருடல். இப்போதெல்லாம் மத்தியானம் சோறு ஆனதும் பாப்பா தானே போய் அவள் மடியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். செத்த பிள்ளைகளின் பெயர் பதினொன்றும் பன்னிரண்டும். பொன்னுத்தாய், செவனு. அந்த இரண்டு பெயர் வரும்போது கிழவியின் குரல் மாறுவதில்லை. கை மட்டும் பாப்பாவின் காலை விட்டுவிடும். பதின்மூன்றில் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு மாதம் சொல்லவில்லை. சொன்னபோது, எங்கேயும் எழுதக் கூடாது என்றுதான் சொன்னாள். நான் உனக்கு எழுதுகிறேன். இதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருக்க என்னால் ஆகவில்லை. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

நம் வீட்டில் பிள்ளைகளுக்கு உரைமருந்து இழைப்போமே, வசம்பு, ஜாதிக்காய், கடுக்காய். காம்பராவில் அதோடு கடுகில் கால் பங்கு அபின். இவள் கண்டுபிடித்ததில்லை அது. இவளுக்கு முன்னால் இருந்த ஆயாவும் அதைத்தான் செய்தாள், சிலோன் தோட்டத்திலும் அப்படித்தானாம். கங்காணி வாங்கி வந்து கொடுப்பார். துரைக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருப்பார்கள். இருபத்தாறு பிள்ளைக்கு ஒரு ஆயா என்றால் வேறு எப்படி? பிள்ளைக்கு இரண்டு இழைப்பு. ஐந்து வருடம் முன்பு மழை விட்டுக் கொழுந்து குவிந்த வாரம். இருட்டும்வரை எடுக்க வேண்டும் என்று உத்தரவு. எந்தப் பிள்ளை அழுகிறது என்று தாயைக் கூப்பிடுகிறார்களோ அந்தத் தாய்க்கு அன்றைக்கு அரைப் பேர்தான், அதாவது பாதி நாள்தான் கணக்கு என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள். அதனால் இரண்டு அம்மாக்கள் தாங்களே ஒரு துண்டு அபின் வாங்கி, லயத்திலேயே இழைத்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து தூளியில் போட்டார்கள். ஆயாவிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவாள் என்று பயம். இவள் வழக்கம்போல் இரண்டு இழைப்பு கொடுத்தாள்.

அவ்வளவுதான். இருபத்துநாலு பிள்ளைகள் சாயங்காலம் எழுந்து அழுதன.

இரண்டு தாய்மார்களில் ஒருத்தி அருக்காணி. பிணத்தை எடுக்கும்போது இவள் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, நானும் குடுத்தேன், சொல்லீராதீங்க" என்றாளாம். இவள் போலீசில், "நாந்தான் குடுத்தேன்" என்று மட்டும் சொன்னாள். இத்தனை வருடமாக அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"புள்ளயப் பறிகுடுத்தவகிட்ட, நீயும்தான்டி கொன்னேன்னு நான் எப்படிச் சொல்றது? அவ புருசன் அவள உசுரோட விடுவானா? நான் குடுத்ததும் நெசந்தானே. என் கையும் அதுல இருக்கில்ல."

நான் அவளுக்கு ஒரு மனு எழுதப் போகிறேன். நடந்ததை நடந்தபடி. பெயர் போடாமல், தாய்மார்கள் என்று மட்டும். பவுல்ராஜ் கோர்ட்டில் போடுகிறேன் என்றிருக்கிறார். அவள் கேட்டால் கோபப்படுவாள். "உன் மனு என்ன பண்ணுச்சுன்னு பாத்துட்டுத்தானே இங்க உக்காந்திருக்கே" என்பாள். அப்படித்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மனு எழுதியதற்காக லயத்தில் பக்கத்து வீட்டுத் தபித்தாளைத் தவிர ஒருவரும் என்னைப் பார்க்க வரவில்லை.

பேப்பர் எழுதியதையே இத்தனை காலம் நம்பினோம், அக்கா. நீயும் நானும்.

லீலா


அருவங்காடு
20.10.86

அன்புள்ள லீலாவுக்கு,

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பாவம்தான் அந்த அம்மாள். நான் தெரியாமல் பேசிவிட்டேன், மனசில் வைத்துக்கொள்ளாதே. மாமாவும் படித்தார்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? எத்தனை நேரம் அந்த அம்மாளிடம் இருக்கிறாள்? யார் குளிப்பாட்டுவது, யார் ஊட்டுவது? மருந்து ஏதும் இழைத்துக் கொடுக்கிறார்களா? நீ தூங்கும்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்? எல்லாம் விவரமாக எழுது. எனக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த மாதிரி இருக்கும்.

அடுத்த மாதம் பார்க்க வருகிறேன்.

அன்புடன் அக்கா
தனபாக்கியம்


கிளைச் சிறை
3.11.1986

அக்கா,

இந்தத் தடவை தாமதம் இல்லை பார். உன் கடிதம் கையில் கிடைத்த அன்றே எழுதுகிறேன். 'அன்புள்ள' என்று நீ எழுதி எத்தனை வருடம் ஆகிறது? ஜெஸிந்தாவிடம்கூடக் காட்டினேன்.

எல்லாம் கேட்டிருக்கிறாய். காலையில் அவள்தான் குளிப்பாட்டுகிறாள். எனக்கு இந்தக் குளிரில் கை விறைத்துப்போகிறது, அவள் கை அப்படியே சூடாக இருக்கிறது. சோற்றைப் பிசைந்து, பாப்பாவின் வாய் அளவுக்கு உருட்டி வரிசையாகத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு ஊட்டுவாள். ஒரு தடவை சளிக்கு, ஜெஸிந்தாவைக் கேட்டு வாங்கி வசம்பைச் சுட்டு இழைத்துக் கொடுத்தாள். என் கண் முன்னால்தான். முதலில் தன் நாக்கில் தடவிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கொடுத்தாள். மத்தியானம் நான் நன்றாகத் தூங்குகிறேன், அக்கா. இவர் போன பிறகு கால் நீட்டித் தூங்குவது இப்போதுதான். கண் விழித்தால் பாப்பா அவள் மார்பில் கவிழ்ந்து கிடப்பாள். இருவருக்கும் வாய் திறந்திருக்கும்.

பாப்பா முதல் முதலாகத் தெளிவாகச் சொன்ன வார்த்தை எது தெரியுமா? 'ஆயா.' எனக்குக் கொஞ்சம் வலித்தது. உன்னிடம் சொல்வதற்கென்ன.

வா. ஒரு கம்பளி கொண்டுவா. நவம்பர் வந்தால் இந்தச் சுவரில் ஈரம் வழிகிறது, பாப்பாவுக்கு மறுபடி நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது.

உன் லீலா


கிளைச் சிறை
9.12.1986

அக்கா,

பத்து நாள் என்று சொன்னாய். சளி இறங்கியதும் பாப்பாவைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று ஜெஸிந்தா முன்னால் சொன்னாய். இன்றோடு இருபத்து மூன்று நாள். ஒரு கார்டுகூட இல்லை.

நீ பாப்பாவைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனாய். கேட் மூடியதும் கிழவி சொன்னாள். "உங்கக்கா ரெண்டு பாக்கெட்டுப் பால் பவுடர் வாங்கி வச்சிட்டுத்தான் வந்திருக்கா. பையில பாத்தேன். பத்து நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு எதுக்கு?" நான் அவளைக் கோபித்துக்கொண்டேன். ஒரு நாள் பேசவில்லை.

மத்தியானத்தில் அவள் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சேலைத் தலைப்பைச் சுருட்டி வைத்து விரலால் வருடிக்கொண்டு இருக்கிறாள்.

பாப்பா எப்படி இருக்கிறாள்? அது மட்டும் எழுது.

லீலா


அருவங்காடு
28.12.86

லீலாவதிக்கு,

பங்கஜம் நலம். சளி இல்லை. எடை கூடியிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஊட்டி கோர்ட்டில் மாமா கேஸ் போட்டிருக்கிறார், குழந்தைக்கு எங்களைப் பாதுகாவலராக நியமிக்கச் சொல்லி. உனக்கு நோட்டீஸ் வரும். நீ எழுதிய கடிதங்களை வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் சிறை முத்திரை இருக்கிறது, உன்னுடையது இல்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகளைக் கொன்ற ஆளிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டுத் தூங்கினேன் என்று உன் கையாலேயே எழுதியிருக்கிறாய். வசம்பு இழைத்ததும் இருக்கிறது. வக்கீல் வேறு சாட்சியே வேண்டாம் என்கிறார்.

என்னைத் திட்டுவாய். திட்டிக்கொள். எனக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருடம். அதைப் பற்றி நான் உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் என்ன ஆகும் என்று இப்போது உனக்கும் தெரிந்திருக்கும்.

தனபாக்கியம்


கிளைச் சிறை
6.1.1987

உன் கடிதம் கிடைத்தது. 'அன்புள்ள' என்று நீ எழுதிய அந்த ஒரு கடிதத்தை மட்டும் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதையும் வக்கீலிடம் கொடு.

லீலாவதி


அருவங்காடு
30.3.87

லீலாவதி,

பங்கஜத்தின் துணிகளைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். பவுடர் பால், சிவப்பு ஸ்வெட்டர், மாமா வாங்கிய மர யானை. யானை உனக்குப் பிடிக்காது என்றால் தூக்கிப் போட்டுவிடு. அவர் யோசிக்காமல் வாங்கிவிட்டார்.

உனக்கு ஜாமீன் கிடைத்ததும், தபித்தாளின் தம்பி போஸ்ட் ஆபீசில் இருப்பவர் கையெழுத்துப் போட்டதும் பிறகுதான் எனக்குத் தெரியும். அன்னியர் போட்டார், அக்கா வீட்டுக்காரர் போடவில்லை என்று ஊர் பேசட்டும்.

நீ கூண்டில் ஏறி, கடிதங்களில் எழுதியது எல்லாம் பொய் என்றாய். அந்தக் கிழவி பக்கமே குழந்தையை விட்டதில்லை, அவளைக் கண்டாலே பயம், ஜாமீன் போடாத அக்காவை வேதனைப்படுத்த வேண்டும் என்றே கற்பனை செய்து எழுதினேன் என்றாய். முகத்தில் ஒரு சலனம் இல்லை. முதல் கடிதத்தில் பயந்து எழுதியது நிஜம், மற்றது பொய் என்று உன் வக்கீல் அழகாகப் பிரித்துச் சொன்னார். ஜட்ஜ் நம்பினார்.

நான் நம்பவில்லை. உனக்குப் பொய் எழுத வராது. ஒவ்வொரு வரியும் நிஜம் என்று நம்பித்தான் கேஸ் போட்டேன். கோர்ட்டில் அத்தனை பேரில் உன்னை நம்பியவள் நான் ஒருத்திதான், தோற்றதும் நான்தான்.

இன்னொன்று. குழந்தை என்னிடம் நாலு மாதம் இருந்தாள். ஒரு நாள்கூட மத்தியானம் தூங்கவில்லை. காலைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பாள். என்ன வேண்டும் என்று உன் கடிதத்தில் படித்திருந்ததால் எனக்குத் தெரியும். அந்தப் பெயர்களை என் வாயால் சொல்ல மாட்டேன் என்று இருந்துவிட்டேன். அழுது அழுது அடங்குவாள். நீ சொல்லியிருப்பாய் இந்நேரம். சொல்லிக்கொள்.

தனபாக்கியம்


தேவாலா
26.4.1987

அக்கா,

பார்சல் கிடைத்தது. மர யானையைத் தூக்கிப் போடவில்லை. பாப்பா அதற்குச் சோறு ஊட்டுகிறாள். பதில் எழுத ஒரு மாதமாகிவிட்டது. எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். என்னை நம்பியவள் நீ ஒருத்திதான் என்று எழுதியிருந்தாய். அதனால் உனக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் சிறை முத்திரை இருக்காது. வேண்டுமானால் இதையும் பத்திரப்படுத்திக்கொள்.

ஜாமீனில் வெளியே வருகிற அன்று கிழவி என்னைக் கூப்பிட்டு, "கோர்ட்டுல என்னையத் தெரியாதுன்னு சொல்லு. பேயின்னு சொல்லு. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "புள்ள கெடச்சா சரி" என்றாள். நான் சரி என்று சொல்லவில்லை. அப்படி ஒன்றும் செய்ய மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த அளவோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பேய் என்று சொல்லியாகிவிட்டது, அவளே சொல்லச் சொன்னதுதானே என்று. ஆனால் உன் வக்கீல் கெட்டிக்காரர். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாரே, நீ பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். நான் இசக்கியம்மாவுக்கு எழுதிக் கொடுத்த மனு ஜனவரியிலேயே கோர்ட்டில் பதிவாகியிருக்கிறது. அதன் நகலை எடுத்து நீட்டினார். "தாய்மார்கள் வீட்டிலேயே மருந்து கொடுத்தார்கள் என்று இதில் எழுதியிருக்கிறீர்கள். அதே விஷயம் அக்காவுக்கு எழுதிய கடிதத்திலும் இருக்கிறது. கடிதம் பொய் என்றால் இதுவும் பொய்தானே அம்மா?"

பவுல்ராஜ் என்னைப் பார்த்தார். நிஜம் என்று சொன்னால், அவளோடு உட்கார்ந்து பேசினேன், பழகினேன், நம்பினேன் என்று ஆகும். கடிதம் எல்லாம் நிஜமாகிவிடும். பாப்பா அப்போது உன் மடியில் இருந்தாள், சிவப்பு ஸ்வெட்டர் போட்டிருந்தாள். இப்போது அவளுக்குச் சரியாக இருந்தது.

"அதுவும் பொய்தான்" என்றேன்.

எத்தனை நேரம் யோசித்தேன் என்று நீ பார்த்திருப்பாய். நேரமே எடுக்கவில்லை.

நீ பார்க்காதது ஒன்று. தீர்ப்பு சொன்ன அன்று பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்பக்க வராந்தா வழியாக வந்தேன், உன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று. அங்கே பெஞ்சில் இசக்கியம்மா உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஜெஸிந்தா. அன்று அவளுக்கு வாய்தாவாம். பாப்பா பார்த்துவிட்டாள். நாலு மாதம் ஆகியும் மறக்கவில்லை. "ஆயா" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு என் இடுப்பிலிருந்து சரிந்தாள். வராந்தா முழுக்க ஆட்கள். உன் வக்கீலின் குமாஸ்தா கதவருகில் நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். நான் சேலைத் தலைப்பால் பாப்பாவின் முகத்தை மூடினேன். அவள் திமிறினாள். வாயையும் சேர்த்து மூடினேன், அக்கா.

கிழவி ஒரு நொடிதான் பார்த்தாள். பிறகு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு ஜெஸிந்தாவிடம், "யாரு புள்ளயோ, இப்பிடிக் கத்துது" என்றாள்.

போன வாரம் ஜெஸிந்தாவைத் தேவர்சோலை பஸ்ஸில் பார்த்தேன். கேஸ் முடிந்துவிட்டதாம், ஏழு வருடம். அனுதாபத்துக்கு இடமில்லை, ஆதரவாகத் தாக்கலான மனுவும் எழுதியவராலேயே பொய் என்று ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது என்று தீர்ப்பில் வாசித்தார்களாம். எழுபத்தொரு வயதில் ஏழு வருடம். மலையை விட்டுக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். "அந்தம்மா உங்களத்தானுங்க கேட்டுது. புள்ள மத்தியானம் தூங்குதான்னு" என்றாள் ஜெஸிந்தா. என் ஸ்டாப்பிங் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன்.

நீ எனக்குச் செய்ததை மன்னிக்க மாட்டேன். அதற்கான யோக்கியதை எனக்கு இல்லை என்று நீ நினைக்கலாம். நினைத்துக்கொள்.

பாப்பா மத்தியானம் தூங்குவதில்லை. இங்கேயும்தான். சோறு ஆனதும் வந்து காலை என் மடியில் வைக்கிறாள். நான் சொல்லத் தொடங்குகிறேன், உன்னைப்போல் முடியாது என்று சொல்லவில்லை. ராக்கு, தெய்வானை, சின்னமுத்து, மேரி. விரலால் வருடுகிறேன். கண் சொக்கி வருகிறது. பத்தாவது பெயர் வரை வருகிறேன். பதினோராவது தூளிக்கு எனக்கு வாய் வருவதில்லை. மறுபடி ராக்குவிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று பார்ப்பேன்.

அதற்குள் பாப்பா கண்ணைத் திறந்து, என் கையிலிருந்து காலைத் தானே எடுத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் கை விலக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்தபடி படுத்திருக்கிறாள்.

லீலாவதி